காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலுக்குப் பம்பாய் கண்ணன் உருவாக்கிய ஒலிநூலை அண்மையில் கேட்கத் தொடங்கினேன். முதல் அத்தியாயத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை. ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக்கரை, களைத்த குதிரைமேல் வந்தியத்தேவன். பலருக்கும் மனப்பாடமான காட்சிதான். ஆனால் கேட்கும்போது ஒன்று பிடிபடுகிறது: கல்கி அந்த ஏரியை ஓசைகளால்தான் நிரப்பியிருக்கிறார். 74 கணவாய்களில் பாயும் தண்ணீரின் இரைச்சல், நாற்று நடும் பெண்களின் பாட்டு, கரையெல்லாம் திருவிழாக் கூச்சல். பழுவேட்டரையரின் பனைக்கொடிப் படகுகள் வந்ததும் அத்தனையும் அடங்குகிறது. யார் பெரியவர், ஜனங்களுக்கு அவரிடம் எவ்வளவு பயம் என்பதெல்லாம் அந்த அடங்கலிலேயே தெரிந்துவிடுகிறது. என்ன கைத்திறன்!

அடுத்து ஆழ்வார்க்கடியானின் வாய்ச்சண்டை. தடியும் கையுமாக நிற்கும் அந்த வீர வைஷ்ணவனை அச்சில் படித்தால் புன்னகை வரும். குரலாகக் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பு வருகிறது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர் இந்த நாவல். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம். வாசகரை அடிக்கடி கூப்பிட்டுப் பேசும் கல்கியின் பழக்கம் குரலில் கேட்கும்போது எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

அதே நாட்களில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலையும் படித்தேன், புத்தகமாக. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், ஒரு தெரு, ஜமுனா, அவள் தங்கை சாயா, டீச்சரம்மா. மெல்லிய புத்தகம்தான், எனக்கோ மெதுவாகத்தான் நகர்ந்தது. வாழ்க்கையே வேண்டாமென்று நொறுங்கிப்போன ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்லும் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதின்ம வயதில், இருமிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட கதை. ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது, அழுகையும் கிடையாது. ரேஷன் கடையில் நடந்ததைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போகிறாள். நடுவில் தண்ணீர்க் கவலை வேறு. ஜமுனா நிமிர்வது அந்தப் பேச்சால்தான். ஆனால் எந்த வாக்கியத்தில் நிமிர்ந்தாள் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அசோகமித்திரனிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

'தண்ணீ'ரை யாராவது குரலில் படிப்பதானால், டீச்சரம்மா பேசும் இடத்தில் தொண்டை தழுதழுக்காமல் படிக்க வேண்டும். பின்னணி இசையும் வேண்டாம். பம்ப் அடிக்கும் சத்தம் மட்டும் இருந்தால் போதும்.