காப்பும் சூதும்: நிதிப் பெறுதிகள் பற்றிய பிக்ஹ் விவாதத்தில் விடுபட்ட வினா

நவீன நிதிச் சந்தையின் கருவிகளை ஷரீஆவின் தராசில் நிறுக்கும் நமது எழுத்துக்களில் ஒரு பகுப்பு நிலைபெற்றுவிட்டது. பொருளோ தேவையோ இன்றி, விலையின் ஏற்றத்தாழ்வை மட்டும் நம்பிப் பணம் வைப்பவன் சூதாடி. தனது உண்மையான வியாபாரத்தைத் திடீர் விலை மாற்றத்திலிருந்து காத்துக்கொள்ள அதே கருவியை நாடுபவன் முன்னெச்சரிக்கையாளன். முன்னையது ஹராம், பின்னையதற்கு இடமளிக்கலாம் என்பதே அப்பகுப்பின் சாரம். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. எனினும், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் அனுபவத்தை அருகில் வைத்து நோக்கும்போது இப்பகுப்பின் போதாமை தெளிவாகிறது.

டெரிவேடிவ்ஸ் எனப்படும் நிதிப் பெறுதிகளுக்குத் தமக்கெனச் சொந்தப் பெறுமதி கிடையாது. எண்ணெய், கோதுமை, நாணயம், வட்டி வீதம் போன்ற வேறொன்றின் விலையிலிருந்தே அவை பெறுமதியைப் பெறுகின்றன. எதிர்கால ஒப்பந்தத்தில் பிந்திய ஒரு திகதிக்குரிய விலையை இரு தரப்பாரும் இன்றே நிர்ணயிக்கின்றனர். தெரிவுரிமை ஒப்பந்தத்தில் ஒருவர் கட்டணம் செலுத்தி, குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையைப் பெறுகிறார்; கட்டுப்பாடு மற்றவருக்கே. பெரும்பாலானவற்றில் பொருள் கைமாறுவதில்லை. விலை வித்தியாசம் மட்டுமே பணமாகத் தீர்க்கப்படுகிறது. 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சந்தைக் கூடங்களுக்கு வெளியே நேரடியாகச் செய்யப்பட்ட இத்தகைய ஒப்பந்தங்களின் பெயரளவுத் தொகை 600 ட்ரில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. அத்தொகை முழுவதும் இடருக்குள்ளானது அல்ல. ஆயினும் உலகின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கான அவ்வெண், பொருளுக்கும் பந்தயத்துக்கும் இடையிலான தூரத்தை உணர்த்தப் போதுமானது.

இனி நமது நாட்டின் நிகழ்வுக்கு வருவோம். எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்த 2007, 2008ஆம் ஆண்டுகளில் கூட்டுத்தாபனம் பல வங்கிகளுடன் ‘ஹெட்ஜிங்’ எனப்படும் இடர்காப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. நாட்டுக்கு எண்ணெய் இறக்குமதி செய்யும் நிறுவனம் என்பதால் அதன் தேவை உண்மையானது, நோக்கமும் காப்பே. ஆனால் ஒப்பந்தத்தின் அமைப்பைப் பாருங்கள்.

2008 ஜூலை 8ஆம் திகதி டொய்ச்சே வங்கியுடன் 12 மாதங்களுக்குச் செய்யப்பட்ட ஒப்பந்தம் மாதமொன்றுக்கு ஒரு இலட்சம் பீப்பாய்களை அடிப்படையாகக் கொண்டது. விலை 112.50 டொலருக்கு மேலே சென்றால் வங்கி செலுத்தும். கீழே இறங்கினால் கூட்டுத்தாபனம் செலுத்தும். வங்கி செலுத்திய மொத்தத் தொகை 25 இலட்சம் டொலரை எட்டியதும் ஒப்பந்தம் முடிவுறும். கூட்டுத்தாபனத்தின் கொடுப்பனவுக்கோ அத்தகைய எல்லை கிடையாது. விலை 122.50 டொலரில் நிலைத்தால் மூன்றாம் மாதத்திலேயே காப்பு தீர்ந்துவிடும். விலை 40 டொலருக்கு வீழ்ந்தாலோ, ஒரே மாதத்தில் கூட்டுத்தாபனம் செலுத்த வேண்டியது 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலர்.

விலை வீழ்ந்தால் எண்ணெயை மலிவாக வாங்கலாமே, அந்த ஆதாயம் இழப்பை ஈடுசெய்யாதா என ஒருவர் வினவலாம். ஓரளவுக்கு அது உண்மையே. எனினும் எந்த ஆபத்துக்கு அஞ்சி காப்பு நாடப்பட்டதோ, அந்த ஆபத்து முற்றும் வேளையில் மறைந்துவிடும் ஒன்றை எவ்வாறு காப்பென அழைப்பது?

நடந்தது அதுவே. ஜூலை 2008இல் 147 டொலர் வரை உயர்ந்த விலை, அவ்வாண்டு டிசம்பரில் 40 டொலருக்கும் கீழே சரிந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றமும் டிசம்பரில் மத்திய வங்கியும் கொடுப்பனவுகளை நிறுத்தின. வழக்குகள் கடல் கடந்தன. ஸ்டேண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு 16 கோடி டொலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்துமாறு 2011 ஜூலையில் இலண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை ஊகபேரங்கள் என்ற கூட்டுத்தாபனத்தின் வாதத்தை அது ஏற்கவில்லை. சிட்டி வங்கியின் கோரிக்கையை அதே ஆண்டு இலண்டன் நடுவர் மன்றம் நிராகரித்தது. 2012 அக்டோபரில், சர்வதேச முதலீட்டுப் பிணக்குகளுக்கான நடுவர் மன்றம் டொய்ச்சே வங்கிக்குச் சுமார் 6 கோடி டொலரும் வட்டியும் வழங்கப் பணித்தது. ஒப்பந்தத்தை ‘முதலீடு’ எனப் பெரும்பான்மை நடுவர்கள் கொண்டனர். பாகிஸ்தானியச் சட்ட அறிஞர் மக்தூம் அலி கான் அதற்கு உடன்படாது தனித் தீர்ப்பு எழுதினார்.

இலண்டன் நீதிமன்றத்தின் முடிவு நமது விவாதத்துக்கு மிக முக்கியமானது. வாங்குபவரிடம் உண்மையான எண்ணெய்த் தேவை இருந்ததா என்ற அளவுகோலில் அது இடர்காப்பே. நமது எழுத்தாளர்களின் பகுப்பும் இதே அளவுகோலையே பயன்படுத்துகிறது. அப்படியாயின் இவ்வொப்பந்தத்தை நாமும் அங்கீகரிக்க வேண்டியிருக்கும்!

பிக்ஹ் மரபு நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. மதீனாவாசிகள் பழங்களுக்கு முன்கூட்டியே விலை கொடுத்துவந்த ஸலம் முறையை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தபோது அளவு, நிறை, தவணை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டுமென நிபந்தனை விதித்தார்கள். விலை முழுவதும் முன்னரே கையளிக்கப்படுவதால் விவசாயிக்கு மூலதனம் கிடைக்கிறது. தன்னிடம் இல்லாததை விற்பதை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் தடுத்தார்கள். ஆதாயம் பொறுப்பேற்பைச் சார்ந்தது என்ற விதியையும் இமாம்கள் ஹதீஸிலிருந்தே பெற்றனர். இவை யாவும் ஒப்பந்தத்தின் உள்ளமைப்பை நோக்கியவை.

இந்த அடிப்படையிலேயே 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, தெரிவுரிமையின் கருப்பொருள் செல்வமுமல்ல, பயனுமல்ல, ஈடுபெறத்தக்க நிதி உரிமையுமல்ல எனக் கூறி அதனை மறுத்தது. பேராசிரியர் முஹம்மத் ஹாஷிம் கமாலி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூலில் மாற்றுக் கருத்தை முன்வைத்தார். தடையின் காரணம் பொருளை ஒப்படைக்க இயலாமையே. தீர்வகங்களின் உத்தரவாதம் அவ்வியலாமையை நீக்குவதால் தடையும் நீங்கும் என்பது அவரது வாதத்தின் போக்கு. இப்னு தைமிய்யா, இப்னுல் கையிம் ஆகியோரின் காரணகாரிய ஆய்வை நினைவூட்டும் இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. ஆயினும் அது ‘கரர்’ எனும் நிச்சயமின்மையின் ஒரு பகுதிக்கே விடையளிக்கிறது. கூட்டுத்தாபனத்தின் ஒப்பந்தத்தில் எவரும் எதையும் ஒப்படைக்கத் தவறவில்லை. ஒரு தரப்பின் இழப்பு எல்லையின்றி விடப்பட்டு, மறுதரப்பின் பொறுப்பு வேலியிடப்பட்டதே அங்கிருந்த குறை.

2010 மார்ச்சில் பஹ்ரைனிலுள்ள சர்வதேச இஸ்லாமிய நிதிச் சந்தை அமைப்பு வெளியிட்ட ‘தஹவ்வுத்’ மாதிரி உடன்படிக்கையும் உண்மையான இடர்காப்புக்கே தன்னை வரையறுத்துக்கொள்கிறது. முராபஹாவும் ‘வஃத்’ எனும் வாக்குறுதியும் அதன் கருவிகள். ஊக வணிகத்தைத் தவிர்க்கும் அதன் அக்கறை பாராட்டத்தக்கது. ஆனால் மேற்கண்ட ஒப்பந்தத்தை இரண்டு வாக்குறுதிகளாகவும் சில முராபஹாக்களாகவும் பிரித்து எழுதினால் விளைவு மாறுமா? 25 இலட்சம் டொலர் எல்லையும் எல்லையற்ற கடப்பாடும் அப்படியே நிலைத்திருக்கும். அரபுப் பெயர் மட்டும் கூடியிருக்கும்.

விலை அபாயத்தை எதிர்கொள்ள வழியே இல்லை என்பதல்ல இதன் பொருள். ஸலம் இருக்கிறது. விலை தாழ்ந்த காலத்தில் ஒதுக்கி, உயர்ந்த காலத்தில் எடுத்துக்கொள்ளும் தகாபுல் பாணியிலான பொது நிதியமும் சாத்தியமே. அவை மெதுவானவை, கட்டணமின்றிக் காப்பு என்ற கவர்ச்சி அவற்றுக்கில்லை. நமது நிறுவனங்களின் ஷரீஆ ஆலோசனைச் சபைகள் முன் இத்தகைய ஆவணமொன்று வைக்கப்படும்போது, வாடிக்கையாளரின் நோக்கத்தை விசாரிப்பதோடு நிறைவடையாமல், விலை பாதியாகும் நாளில் யார் எவ்வளவு செலுத்துவார், இரட்டிப்பாகும் நாளில் யார் எவ்வளவு செலுத்துவார் என்ற இரு கணக்குகளையும் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். அக்கணக்கு முன்வைக்கப்படாதவரை பத்வா வழங்கப்படலாகாது.