ஒரு படமும் அது தாண்டிப்போன இடமும்

ஜான் இர்வின் இயக்கி 1984ல் வந்த ‘சாம்பியன்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தை, அது வந்த ஓரிரு வருடங்களில், நண்பர் ஒருவரின் அறையில் வீடியோ காஸெட்டில் பார்த்தேன். பார்த்த கையோடு ஒன்றரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் எழுதினேன். இப்போது நின்றுபோன ஒரு சிறு பத்திரிகை அதை வெளியிட்டது. நோயிலிருந்து வெற்றிவரையிலான பயணத்தை மிகையின்றிச் சொல்லும் படம் என்றும், கடைசிப் பந்தயக் காட்சிக்காகவே பார்க்கலாம் என்றும் அதில் சொல்லியிருந்தேன். அந்தக் குறிப்பு தவறு. தகவல் பிழை அல்ல. ஒரு அனுபவத்தை எந்த முனையிலிருந்து படிப்பது என்பதில் நேர்ந்த தவறு. இத்தனை வருடம் கழித்து அதைத் திருத்த வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். எனக்கு அவசியம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் படம் எதன்மேல் நிற்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் ரேஸ் கோர்ஸ்களில் நடப்பது சமதரையில் ஓடும் பந்தயம். வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ் நமக்குப் பழக்கமில்லை. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் அது தனி உலகம். அதன் ஜாக்கிகள் உயரமானவர்கள், கனமானவர்கள். சராசரியாகப் பதினைந்து இருபது சவாரிக்கு ஒரு முறை கீழே விழுபவர்கள். பாப் சாம்பியன் அப்படியொரு ஜாக்கி. 1979 கோடையில், முப்பத்தொன்றாம் வயதில், அவருக்கு விரைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் வழக்கமாக ஏறும் அல்டானிட்டி என்ற குதிரைக்கும் அதே வருடக் கடைசியில் முன்காலின் தசைநாண் மறுபடியும் அறுந்தது. இருவரும் மீண்டு, 1981 ஏப்ரல் 4ம் தேதி, ஏய்ன்ட்ரீயில் முப்பது வேலிகள் கொண்ட கிராண்ட் நேஷனலை வென்றார்கள். அதே வருடம் சாம்பியனும் ஜோனதன் பவலும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்தது. அதுதான் படத்துக்கு மூலம். சாம்பியனாக ஜான் ஹர்ட். அல்டானிட்டியாக அல்டானிட்டியே.

இப்படிப்பட்ட கதையின் ஆபத்து அதன் முடிவில் இருக்கிறது. முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்த முடிவு முன்னால் வருவதையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மருத்துவமனைப் படுக்கை, உதிர்ந்த மயிர், வாந்தி எல்லாமே ஏய்ன்ட்ரீக்குப் போகும் பாதையின் மைல்கற்களாகிவிடுகின்றன. நோய் நோயாக இல்லாமல் வெற்றியின் முன்னுரையாகிறது. கார்ல் டேவிஸ் இந்தப் படத்துக்கு அமைத்த இசையைப் பிறகு பி.பி.ஸி. தன் கிராண்ட் நேஷனல் ஒளிபரப்பின் இசையாகவே எடுத்துக்கொண்டது. ஒரு மனிதனின் உடல் பற்றிய படம் கடைசியில் ஒரு பந்தயத்தின் முகப்பு இசையாகிப்போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. படத்தின் நாட்டம் தொடக்கத்திலிருந்தே அந்தப் பக்கம்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பார்க்கலாம். கிராண்ட் நேஷனலின் முதல் வேலியில் அல்டானிட்டி கிட்டத்தட்ட விழுந்துவிட்டது. தாண்டி இறங்கியபோது மூக்கு தரையைத் தொடுமளவுக்குச் சரிந்து எழுந்தது. எழாமல் போயிருந்தால்? படம் இருந்திருக்காது, புத்தகமும் இருந்திருக்காது. ஆனால் சாம்பியன் திரும்பி வந்தவர்தானே? அவர் திரும்பி வந்தது அந்த முதல் வேலியைப் பொறுத்தது அல்ல. அப்படியானால் எங்கே திரும்பி வந்தார்?

அமெரிக்காவில். 1980 வசந்தகாலத்தில்.

இது ஏன் அயல்நாட்டில் நடக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள இந்தத் தொழிலின் நடைமுறை தெரிய வேண்டும். ஜாக்கிக்குச் சவாரிக்கு இவ்வளவு என்று கூலி. வென்றால் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு. ஏறாவிட்டால் ஒன்றுமில்லை. காயம்பட்டுப் படுத்த அன்றே அவனுடைய குதிரைகள்மேல் வேறொருவன் ஏறுகிறான். அவன் வென்றுவிட்டால் சொந்தக்காரர்கள் மாற்ற விரும்புவதில்லை. சாம்பியனின் டிரெய்னரான ஜாஷ் கிஃபர்ட் இதற்கு விலக்கு. எப்போது வந்தாலும் உன் இடம் உனக்கு என்று சொல்லி, அதைக் காப்பாற்றியும் காட்டினார். அவர் பெருந்தன்மையைப் படம் நன்றாகவே காட்டுகிறது. கிஃபர்டாக வரும் எட்வர்ட் உட்வர்ட் அளவாகச் செய்கிறார். ஆனால் காத்திருக்கும் இடம் ஒரு சுமையும் கூட என்பதைப் படம் காணவில்லை. காலியாக வைக்கப்பட்ட சேணத்தில் பழைய சாம்பியன்தான் வந்து உட்கார வேண்டும். ஊரில் ஒவ்வொரு சவாரியும் பழைய சவாரியோடு ஒப்பிடப்படும். அனுதாபத்தோடு ஒப்பிடுவார்கள் என்பது இன்னும் மோசம்.

உடலின் நிலைமையோ வேறு. அப்போது புதிதாக வந்திருந்த கூட்டு மருந்துச் சிகிச்சை, சில வருடங்களுக்கு முன்வரை பெரும்பாலும் கொன்றுவிடும் நோயைக் குணமாகக்கூடியதாக மாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மருந்துகளில் ஒன்று நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. இன்னொன்று விரல்நுனி நரம்புகளை. ஜாக்கி மூச்சையும் விரல்களையும் வைத்துத்தான் பிழைக்கிறான். கடிவாள வாரின் வழியாகக் குதிரையின் வாய் அவன் விரலுக்குச் செய்தி சொல்கிறது. வேலிக்கு மூன்று எட்டு முன்னால் அது நீட்டித் தாண்டப் போகிறதா, இன்னொரு எட்டு வைத்துக் குறுக்கித் தாண்டப் போகிறதா என்பதை விரல்தான் முதலில் அறிகிறது. இப்படிப்பட்ட உடலை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் ஈரக் குளிரில், தெரிந்தவர்கள் கண்முன்னே, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது எப்படி?

அவர் அமெரிக்காவின் பழைய டிரெய்னர் பர்லி காக்ஸிடம் போனார். காக்ஸ் சாதாரண ஆள் அல்ல. 1980லிருந்து 1982வரை அந்த நாட்டின் தலைசிறந்த ஸ்டீபிள்சேஸ் குதிரையாக இருந்த ஸாக்கியோ அவர் லாயத்தில்தான் இருந்தது. குளிர்காலத்தில் அவர் குதிரைகள் தெற்குக் கரோலினாவின் கேம்டனில் இருக்கும். வெதுவெதுப்பான மணல்பாங்கு ஊர். வெளிநாட்டு ஜாக்கிக்கு அங்கே வேலை கிடைக்கும் வழி எளிமையானது, கௌரவம் குறைந்தது: விடிகாலையில் பயிற்சிக் குதிரைகளை ஓட்டிக் கொடுக்க வேண்டும். தினமும் நாலைந்து குதிரைகள். யாராவது ஒருவன் விழுந்தாலோ எடை கூடினாலோ பந்தயத்தில் ஒரு சவாரி கிடைக்கும். மருத்துவச் சான்று வேண்டும், தற்காலிக லைசென்ஸ் வேண்டும். மற்றபடி யாரும் உங்கள் சரித்திரத்தைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் தாண்டு பந்தயம் சிறிய உலகம். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கிழக்குக் கரையோர மாநிலங்களில் வார இறுதிகளில் நடக்கும் கூட்டங்கள். புல்வெளியில் காரை நிறுத்திச் சாப்பாட்டுக் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கும் ஜனங்கள். சொந்த ஜாக்கிகள் போதாததால் அயர்லாந்து, இங்கிலாந்து ஆட்களுக்கு எப்போதும் இடம் உண்டு. வேலியும் வேறு மாதிரி. இடம்விட்டு இடம் எடுத்துச் செல்லக்கூடிய, செயற்கைத் தூரிகை பொருத்திய 52 அங்குல வேலி; ஆங்கில வேலியின் கனம் அதற்கு இல்லை. வேகத்தைக் குறைக்காமல் உரசித் தாண்டிப் போகலாம். மேரிலாந்து ஹண்ட் கப்பில் அசையாத மர வேலிகள். 1977லும் 1978லும் அதை வென்ற பென் நெவிஸ் என்ற குதிரை, சார்லி ஃபென்விக் என்ற அமெச்சூர் சவாரிக்காரரோடு கடல் தாண்டி வந்து 1980 மார்ச்சில் கிராண்ட் நேஷனலை வென்றது. முப்பது குதிரைகளில் நான்கு மட்டுமே முடித்த பந்தயம். அமெரிக்கன் வென்ற அந்த வருடத்தில்தான் ஆங்கில ஜாக்கி எதிர்த்திசையில், ஒரு சவாரி தேடி, போயிருக்கிறார்.

அங்கே மேரிலாந்தின் ஃபேர் ஹில்லில் டபுள் ரீஃப்ட் என்ற குதிரையில் சாம்பியன் ஒரு பந்தயத்தை வென்றார். நோய்க்குப் பின் முதல் வெற்றி. பார்த்தவர்களுக்கு அது மத்தியானப் பந்தயங்களில் ஒன்று.

படம் அமெரிக்காவை விட்டுவிடவில்லை. பர்லி காக்ஸாகப் பென் ஜான்சன் வருகிறார். குதிரைமேலேயே வளர்ந்த நடிகர், அவர் இருக்கும் காட்சிகளில் சேணமும் தோலும் மணக்கிறது என்றே சொல்லலாம். ஆனால் படத்துக்கு அங்கே தங்கப் பொறுமையில்லை. அமெரிக்கா அதற்கு ஒரு ஆரோக்கிய வாசஸ்தலம்: வெயில், பெண், கொஞ்சம் சிரிப்பு, பிறகு கப்பலேறு என்பதுபோல. ஒரே குதிரையை நாற்பது காலைகள் ஓட்டுவதிலுள்ள சலிப்பு, முழங்கால் தானாக இறுக வேண்டிய இடத்தில் இறுகாமல் போவது, அது ஒருநாள் யோசிக்காமலே இறுகிவிட்டதை இறங்கிய பிறகுதான் கவனிப்பது — இவற்றுக்குப் படத்தில் காலம் இல்லை. ஜான் ஹர்ட்டின் உடல் இதையெல்லாம் செய்யத் தயாராக இருந்தது என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது. ‘எலிஃபண்ட் மேன்’ படத்தில் முகத்தையே மூடிக்கொண்டு நடித்தவர் அவர். அப்படிப்பட்டவரிடம் இயக்குநர் கேட்டதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்ளும் மன உறுதியை. அது எந்த நடிகரும் தரக்கூடியது.

இதற்கு நேரெதிராக ஒரு புத்தகம் நினைவுக்கு வருகிறது. டிக் ஃபிரான்ஸிஸின் ‘விப் ஹேண்ட்’. மர்ம நாவல்காரனைப் பற்றி இந்தப் பக்கங்களிலா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அவரை ரயிலில் ரகசியமாகப் படித்தவர்கள்தான். ஃபிரான்ஸிஸ் தானே ஜாக்கியாக இருந்து 1957ல் ஓய்வு பெற்றவர். அவருடைய ஸிட் ஹாலி, விழுந்து கை நொறுங்கியதால் துப்பறிபவனான முன்னாள் ஜாக்கி. 1965ல் வந்த ‘ஆட்ஸ் அகென்ஸ்ட்’ நாவலில் அந்தக் கை போய்விடுகிறது. சாம்பியன் படுக்கையில் விழுந்த அதே 1979ல் வந்த ‘விப் ஹேண்ட்’டில், மிச்சமிருக்கும் வலக்கையையும் எடுத்துவிடுவேன் என்று ஒருவன் மிரட்டியதும், ஹாலி பயந்து பாரிசுக்கு ஓடிவிடுகிறான். சில நாட்கள் அங்கே ஒன்றும் செய்யாமல், தன்னைத் தானே பார்க்கக் கூசிக்கொண்டு கிடக்கிறான். கதைக்குத் தேவையான சம்பவம் எதுவும் பாரிசில் நடப்பதில்லை. சாமர்த்தியமான எடிட்டர் வெட்டிவிடக்கூடிய பக்கங்கள். ஆனால் நாவலின் மற்றதெல்லாம் அந்த நாட்களிலிருந்துதான் பலம் பெறுகிறது. ஜனரஞ்சக எழுத்தாளர் தங்கிய இடத்தில், ஆழமான விஷயம் கைக்குக் கிடைத்த சினிமாக்காரர் தங்கவில்லை. இந்தக் கணக்கை நாம் அடிக்கடி போட்டுப் பார்க்க வேண்டும்.

என் அவசியம் என்ன என்று சொல்வதாகச் சொன்னேன். மூன்று வருடங்களுக்கு முன் மாடிப்படியில் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் பேனா பிடிக்க முடியவில்லை. பார்ப்பவர்களெல்லாம் “எழுத ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டார்கள். நண்பர் ஒருவர் ஒரு கட்டுரைக்கு இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேஜைமுன் உட்கார்ந்தால் இரண்டு வரிக்குமேல் ஓடாது; அந்த இரண்டு வரியும் முன்னால் எழுதியவனைப்போல் எழுத முயன்ற வரிகள். மகள் வீடு ஓசூரில். அங்கே போய் இரண்டு மாதம் இருந்தேன். கீழ்வீட்டு அம்மாள் சீட்டு நடத்துபவர். கண் மங்கலானதால் நோட்டில் பேர் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் கை நிலைமையைச் சொன்னேன். “கோணலா இருந்தா என்னங்க ஐயா, யார் பேருன்னு தெரிஞ்சா போதும்” என்றார். தினம் சாயங்காலம் முப்பது பேர், தொகை, தேதி. நான் யார், என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. ஒருமுறை ‘சரஸ்வதி’யைத் திருத்தி எழுதச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் படத்தை மறுபடி பார்த்தேன். கடைசிப் பந்தயம் வந்தபோது இசையோடு கண் கலங்கியதை மறைப்பதற்கில்லை. அந்தக் கலக்கத்தை நம்பித்தான் அன்று குறிப்பு எழுதியிருந்தேன் என்று உறைத்தது. பந்தயம் முடிந்ததும் டேப்பைப் பின்னால் ஓட்டுவதுபோல் பின்னுக்குப் போய்ப் பென் ஜான்சன் வரும் பகுதியை இரண்டு முறை பார்த்தேன். போதவில்லை.

படத்துக்கு ஒரு நியாயம் உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் அன்றைய குறிப்பைப் போலவே இதுவும் ஒருதலைப்பட்சமாகிவிடும். 1979ல் காயம்பட்ட ஜாக்கிக்கு உடலை மீட்டுக்கொள்ள என்று ஏற்பட்ட இடம் எதுவும் இங்கிலாந்தில் இல்லை. காயமுற்ற ஜாக்கிகளுக்கான நிதி 1964லிருந்து இருந்தது. டிம் ப்ரூக்ஷா, பாடி ஃபாரெல் என்ற இருவர் அடுத்தடுத்து விழுந்து முடங்கியதைப் பார்த்துத் தொடங்கியது. ஆனால் அந்த நிதி கட்டிய முதல் மறுவாழ்வு நிலையமான ஓக்ஸி ஹவுஸ் லாம்போர்னில் வந்தது 2009ல்தான். அதனால் அன்று புற்றுநோயிலிருந்து மீள முடியும் என்ற செய்தியே பெரிய விஷயம். அந்தச் செய்தியைப் படம் லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டு சேர்த்தது. சாம்பியன் 1983ல் ஏற்படுத்திய புற்றுநோய் அறக்கட்டளைக்கு அது உதவியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஒரு நோயாளி அந்தப் படத்தைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தால் என் விமர்சனம் அவனுக்கு ஒரு பொருட்டல்ல. ஆனாலும் எழுந்து உட்கார்ந்த பிறகு என்ன என்பது அவனுக்கும் கேள்விதான். கிராண்ட் நேஷனல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அயர்லாந்துப் பையன்கள் இன்றும் கரோலினாவுக்கும் ஸரடோகாவுக்கும் போகிறார்கள். வடக்கே கோடையாக இருக்கும் மாதங்களில் சிலர் நியூஸிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கோ போவதுண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2022ல் தாண்டு பந்தயத்தைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டதால் அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. அவர்களில் எலும்பு கூடியும் கூடாமலும் போகிறவர்களைப் பற்றி யாராவது படம் எடுப்பார்களா தெரியவில்லை. பரிசுக் கோப்பை இல்லாத கதைக்குப் பணம் போடுபவர் யார்.

என் பழைய குறிப்பின் பிரதி ஒன்று அகப்பட்டது. அல்டானிட்டி பெயர் அதில் ஏழு இடத்தில் வருகிறது. டபுள் ரீஃப்ட் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.