பட்டியலை யார் வாசிப்பது?

வெளிப்படைத்தன்மை பற்றிய நமது பேச்சு பெரும்பாலும் 'போட்டாச்சா, இல்லையா' என்பதோடு நின்றுவிடுகிறது. யார் வாசிக்கும்படி போட்டாங்க என்பதே என் கேள்வி.

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. மஸ்டர் ரோல் ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டது. வேலைக்கே போகாதவர்கள், தங்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதைக் காதால் கேட்டார்கள். அதிகாரத்தின் பிரதி அங்கேதான் உடைந்தது.

2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவல்களை வெளியிடச் சொல்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் என்று வழிகளையும் அடுக்குகிறது. பல துறைகள் கடைசியாக வரும் இணையத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. அதிலும் ஸ்கேன் செய்த கோப்புகள். ஒரு பெயரைத் தேடிப் பார்க்க முடியாது. இதை வெளியீடுன்னு எப்படிச் சொல்றது? இது மறைத்தலின் இன்னொரு வடிவம்.

2019 செப்டம்பரில் ராஜஸ்தான் தொடங்கிய ஜன் சூசனா தளம் வேறு மாதிரி. எந்த ரேஷன் கடையில் எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு தானியம் போச்சு என்று பார்க்கலாம். அன்று பட்டியலை உரக்க வாசித்த அமைப்புக்கு இதன் உருவாக்கத்திலும் பங்குண்டு. இது தற்செயல் இல்லை.

ஆனால் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தி, 'தனிநபர் தகவல்' என்று சொல்லியே மறுக்க வழிசெய்கிறது. பெயர்தான் அந்தப் பட்டியலின் சாட்சி. பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கூட்டல் கணக்கு. அதில் 'இது பொய்' என்று எழுந்து நிற்க யாருக்கும் இடமில்லை.