பதினாறுக்கு முன் வேண்டாம்

டெக்சஸின் சுகர் லேண்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் சில தமிழ் வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது: இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் என்ன? பணக்காரப் பகட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதற்குப் பின்னால் இருப்பது ரேங்க் பயம்.

1997-இல் டெக்சஸ் கொண்டுவந்த சட்டப்படி, வகுப்பில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் அந்த வரம்பை இன்னும் குறைத்துக்கொள்ளலாம். 2026 இலையுதிர் பருவச் சேர்க்கைக்கு அது 5 விழுக்காடு. வேறு ஊரில் முதலாவதாக வரக்கூடிய பிள்ளை சுகர் லேண்டின் கிளெமென்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலோ டல்லஸ் (Dulles) உயர்நிலைப் பள்ளியிலோ கூட்டத்தில் காணாமல் போகிறான். ஏ.பி. அல்லாத பாடம் எடுத்தால் சராசரி குறையுமே என்று, ஆசைப்பட்ட பாடத்தையே விட்டுவிடும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். பதினாலு வயதில் இப்படிக் கணக்குப் பார்த்து வாழ்வது கொடுமைதான்.

ஆனால் அதற்கு விடுதிப் பள்ளி மருந்தாகுமா? அந்த நேரடி இடம் டெக்சஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தவர்களுக்கானது. இங்கிலாந்துக்குப் போன பிள்ளை ரேங்க் பந்தயத்திலிருந்து தப்புகிறது, கூடவே பரிசையும் விட்டுவிடுகிறது. பெற்றோர் டெக்சஸிலேயே நிலையாகக் குடியிருந்தால் உள்மாநிலக் கட்டணச் சலுகை கிடைக்கும், அவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. சுகர் லேண்டில் ஒரு பிள்ளை தானாக எங்கும் போக முடியாது. பள்ளி, நீச்சல், பரதநாட்டியம், எஸ்.ஏ.டி. கோச்சிங், ஞாயிறு தமிழ்ப் பள்ளி எல்லாவற்றுக்கும் அம்மாவின் காரும் ஹைவே 6 நெரிசலும் வேண்டும். விடுதியில் நூலகம், ஆய்வுக்கூடம், மைதானம், இசை அறை எல்லாம் நடக்கிற தூரம். மாலையில் படிப்பதற்கென்று ஒதுக்கிய நேரம் இருக்கும், பக்கத்தில் ஆசிரியரும் இருப்பார். ஏ லெவல் என்னும் கடைசி இரண்டு வருடப் படிப்பில் மூன்று பாடம், மிஞ்சினால் நான்கு. கணக்கில் ஊறிய பிள்ளை உயர் கணிதத்தைத் தனிப் பாடமாகவே எடுத்து இரண்டு வருடம் அதிலேயே மூழ்கலாம். தேர்வை நடத்தித் திருத்துவது வெளி வாரியம் என்பதால் பக்கத்து இருக்கைக்காரனை முந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த ஆழத்தை அமெரிக்க உயர்நிலைப் பள்ளி எளிதில் தருவதில்லை.

தமிழருக்கு இந்த ஆசை புதிதும் அல்ல. நீதிக்கட்சித் தலைவர் பி.டி. ராஜன் கேம்பிரிட்ஜில் உள்ள லீஸ் பள்ளியில் படித்தவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார். மகன்களை இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் படிக்க வைத்தார். மூத்தவர் பி.பி. குமாரமங்கலம் 1966-இல் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜ் போய், கம்யூனிஸ்டாகத் திரும்பி, சென்னைச் சதி வழக்கில் சிறைக்குப் போனார். பிற்பாடு மத்திய அமைச்சராகவும் ஆனார். பிரிட்டிஷ் பள்ளிக்கு இந்தக் குடும்பத்தைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஆனால் இதில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் நிலமும் பெயரும் காத்திருந்தன. அவற்றை ஈட்டன் தரவில்லை. இன்னொன்று, ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையைப் பொதுவுடைமைக்காரனாகத் திருப்பி அனுப்பியது அந்தப் படிப்பு. அதை அதன் பெருமையாகவே நான் எண்ணுகிறேன். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டு டாக்டர் பிள்ளையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர், பள்ளி தங்கள் திட்டப்படி பிள்ளையை வார்த்துத் தராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டர் கனவு பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வருடம் அங்கே படித்தால் உள்நாட்டுக் கட்டணம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. படிப்புக்காகவே வசித்த காலம் அந்தக் கணக்கில் சேராது. பிள்ளை வெளிநாட்டு மாணவராகத்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும். மருத்துவப் படிப்பில் வெளிநாட்டவருக்கான இடங்களும் மிகக் குறைவு. அப்படிப் படித்து முடித்தாலும், அமெரிக்காவில் மருத்துவராக வேண்டுமானால் இங்கே தேர்வெழுதி ரெசிடென்சி இடம் பிடித்தாக வேண்டும்.

செலவும் ஏறிவிட்டது. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. ஈட்டனில் ஆண்டுக் கட்டணம் 60,000 பவுண்டைத் தாண்டியாயிற்று. அங்கே பெற்றோருக்குப் பதிலாக நிற்கும் காப்பாளருக்கான கட்டணம், விசாவோடு கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணம், வருடத்துக்கு மூன்று விமானப் பயணமாவது இதற்கு மேல். கிரீன் கார்டு வீடுகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பெற்றோர் குடியுரிமை பெறும்போது பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் அது தானாக வர வேண்டுமானால், பிள்ளை அமெரிக்காவில் அவர்களுடைய பொறுப்பில் வசிக்க வேண்டும் என்கிறது சட்டம். பள்ளிக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

இவையெல்லாம் பணத்தாலோ காகிதத்தாலோ தீரக்கூடியவை. எனக்கு உறுத்துவது வாரக்கடைசி. பல விடுதிப் பள்ளிகளில் பருவத்துக்கு ஒன்றிரண்டு முறை எக்ஸியட் என்று வெள்ளி மதியம் விடுதியையே மூடிவிடுவார்கள். பருவத்தின் நடுவில் ஒரு வாரமோ அதற்கு மேலோ அரைப்பருவ விடுமுறை. எக்ஸியட் மதியம் வாசலில் கார்கள் வரிசைகட்டும். கென்டிலிருந்தும் சர்ரேயிலிருந்தும் வந்த பெற்றோர் அழுக்குத் துணி மூட்டையோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். ஹியூஸ்டன் பிள்ளைக்கு வீடு பத்து மணி நேர விமானத் தூரம். காப்பாளர் நிறுவனம் அனுப்பிய டாக்சியில் ஏறி, அறிமுகமில்லாத ஒரு வீட்டின் உபரி அறையில் அது இரண்டு இரவு தூங்கும். அங்கே இரவு பத்து மணி என்றால் சுகர் லேண்டில் மாலை நான்கு. அம்மா அலுவலகத்தில் மீட்டிங்கில் இருப்பாள். பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று சொல்ல வாய்த்த அந்தப் பத்து நிமிடம் தவறிவிடும். மறுநாள் அது "ஐ ஆம் ஃபைன்" என்றுதான் சொல்லும்.

சிறு வயதில் விடுதிக்கு அனுப்பப்பட்டவர்கள் பிற்காலத்தில் நெருக்கமான உறவுகளில் படும் பாட்டைப் பற்றி உளவியல் சிகிச்சையாளர் ஜாய் ஷேவெரியன் 2015-இல் தனி நூலே எழுதியிருக்கிறார். விடுதிப் பள்ளிகளில் குழந்தைகள் மீது நடந்த பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த இங்கிலாந்தில் அரசு அமைத்த விசாரணைக் குழு 2022-இல் அறிக்கை வெளியிட்டது. முன்பைவிடக் கண்காணிப்பு இப்போது கடுமைதான். ஆனாலும் பதினொரு வயதுப் பிள்ளை தனக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்வதற்குப் பழகிய முகம் ஒன்று வேண்டும்.

அதனால்தான் பதினொன்றிலும் பதிமூன்றிலும் அனுப்புவதை நான் ஏற்கவில்லை. ஃபோனை விட மாட்டேன் என்கிறான், சொன்ன பேச்சு கேட்பதில்லை, அங்கே போனால் ஒழுங்கு வரும் என்று அனுப்புவது இன்னும் மோசம். அது தண்டனை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். பதினாறு வேறு. பத்தாம் வகுப்பை இங்கே முடித்துவிட்டு, ஏ லெவல் இரண்டு வருடத்துக்குத் தானே ஆசைப்பட்டுப் போகிற பிள்ளைக்கு எதற்காகப் போகிறோம் என்று தெரியும். வீட்டுத் தமிழும் அதற்குள் நாக்கில் நிலைத்திருக்கும். இந்த நிபந்தனைகளோடு நான் ஆதரிக்கிறேன்.

அதற்கும் மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. டென்டனில் வட டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் அகாதெமி இருக்கிறது. கடைசி இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் பல்கலைக்கழகப் பாடங்களையே படிக்கலாம், காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஏ லெவல்தான் வேண்டும் என்றால் 1899-இல் தொடங்கிய ஹெப்ரான் பள்ளி ஊட்டியில் உண்டு. கோயம்புத்தூரில் தாத்தா பாட்டி இருக்கும் வீட்டுக்குக் காப்பாளர் நிறுவனம் எதற்கு?

இங்கிலாந்துதான் என்று முடிவானால் தரவரிசைப் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சலித்தெடுத்த பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியில் மதிப்பெண் உயர்ந்துதான் இருக்கும். தனியார் பள்ளிகளைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஐ. அமைப்பின் ஆய்வறிக்கை எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது, அதைப் படியுங்கள். காப்பாளர் நிறுவனத்துக்கு ஏஜிஸ் அங்கீகாரம் உண்டா, அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம் தெரிந்த ஆலோசகர் பள்ளியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். விடுதிப் பொறுப்பாளரிடமே நேராக, போன மாதம் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை எத்தனை பிள்ளைகள் விடுதியில் தங்கினார்கள், அன்று என்ன செய்தார்கள் என்று விசாரியுங்கள். எண்ணிக்கையும் விவரமும் சொல்லாமல் வண்ணப் புத்தகத்தை நீட்டினால் அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.