வன்னியில் வராத பகிடி

செங்கை ஆழியானின் நகைச்சுவை என்றதும் எல்லாரும் 'ஆச்சி பயணம் போகிறாள்' நாவலைத்தான் எடுப்பார்கள். 1969இல் நூலானது. ஊரைத் தாண்டியறியாத யாழ்ப்பாணத்துக் கிழவி கதிர்காமம் போகிறாள். வழியெல்லாம் அவளுக்குத் திகைப்பு, நமக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை; பேரன் ஆச்சியைச் சீண்டுகிற உரிமைதான் இருக்கிறது. ஆனால் கிழவியின் அறியாமை என்ற ஒரே கிணற்றில்தான் திரும்பத் திரும்ப வாளி விழுகிறது. காணாமற்போன பசுவைத் தேடி நடக்கும் 'நடந்தாய் வாழி வழுக்கியாறு' எனக்கு அதைவிட உயர்ந்தது. மழைக்கு மட்டும் ஓடும் ஆற்றின் கரையும் கரைவாசிகளின் கதையளப்புமே அங்கே பகிடியாகின்றன. புவியியல் படித்தவரின் கண் அது.

செங்கை ஆழியான் என்ற புனைபெயரில் எழுதிய, 1941இல் பிறந்த க. குணராசா, நிர்வாக சேவை அதிகாரியாகச் செட்டிகுளம், துணுக்காய், கிளிநொச்சி என்று வன்னியில் பணிபுரிந்தவர். அந்த அனுபவத்தில் விளைந்தது 'காட்டாறு' (1977). ஏழைக் கமக்காரரை உத்தியோகத்தரும் பணக்காரரும் உறிஞ்சுவதைக் கோபத்தோடு சொல்கிறது. பகிடியைத்தான் காணோம்.

காரணம் ஊகிக்கக்கூடியதே. ஆச்சி சொந்தக்காரி, சீண்டலாம். வன்னியில் அவர் 'ஐயா'. அந்தக் கதிரையில் இருந்துகொண்டு கமக்காரனைப் பார்த்துச் சிரித்தால் அது கொடுமை. அதைத் தவிர்த்தது அவருடைய நாகரிகம்.

கதிரையையே பார்த்துச் சிரித்திருக்கலாமே என்பதுதான் என் குறை. காணிப் பெர்மிட்டைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு, முதல் பஸ்ஸில் வந்து கந்தோர் வாங்கில் குந்தியிருக்கிறார் ஒரு கிழவர். 'ஐயா ஃபீல்டுக்குப் போட்டார், நாளைக்கு வாங்கோ' என்கிறார் கிளாக்கர். ஃபீல்டுக்குப் போன ஐயாவின் குரல் உள்ளறையில் கேட்கிறது. வன்னியில் கந்தோர் ஏறி இறங்கியவருக்கு இது புதினமில்லை. குணராசாவுக்கோ இதன் உட்பக்கமும் தெரியும். வாசகரும் ஆயத்தமாகவே இருந்தார்கள்: 'சிரித்திரன்' நகைச்சுவை இதழின் ஆசிரியர் சுந்தர் தம் 'மிஸ்டர் அண்ட் மிஸிஸ் டாமோடிரன்' கார்ட்டூனில் மேல்நாட்டு மோகம் கொண்ட நடுத்தர வர்க்கத்தை அப்போதே கிண்டலடித்துக்கொண்டிருந்தார்.

'காட்டாறு' வன்னிக்கு முக்கியமான நாவல், மறுப்பில்லை. ஆனால் அதில் வரும் உத்தியோகத்தர்கள் கெட்டவர்கள். அதை வாசிக்கிற கிளாக்கர் 'நான் இப்படியில்லை' என்று புத்தகத்தை மூடிவிடலாம். 'நாளைக்கு வாங்கோ' என்கிறவரை அவர் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.