திரையில் தெரியாத எழுத்து

தாகூர் நூற்றாண்டுக்காக 1961-இல் சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படம் 54 நிமிடம் ஓடுகிறது. கவியின் இறுதி ஊர்வலத்தில் தொடங்கிக் குடும்ப வரலாறு, சாந்திநிகேதன், நோபல் பரிசு என்று எல்லாம் அதில் வருகின்றன. கவிதை மட்டும் வரவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் நிறைவு காணாத ராய், கவிதைகளைத் தெரிந்தேதான் விலக்கினார். சாந்திநிகேதனில் பயின்ற, வங்காளமே தாய்மொழியான ஓர் இயக்குநருக்குக்கூடக் கவிதையை வெளியே நிறுத்திவிட்டுத்தான் கவியைக் காட்ட முடிந்தது. எழுத்தாளர், கலைஞர், பண்பாடு என்ற மூன்றையும் ஒரே பையில் போட்டு நூலகங்கள் நடத்தும் ஆவணப்பட விழாக்களை நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல எடைக்கல் இல்லை. அந்தப் பையில் இருப்பவை ஒரே சரக்கல்ல. கூத்துக்கும் நடனத்துக்கும் தவிலுக்கும் ஆவணப்படமே நூல். எழுத்தாளருக்கு அது அதிகம் போனால் முன்னுரை. நம் நூலகங்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை என்பதுதான் என் குறை. எழுத்தாளர் தம் வீட்டுப் பிள்ளை என்ற உரிமையில் அவருடைய படத்துக்கு முன்வரிசை கிடைக்கிறது. உண்மையில் நூலகத்தின் உதவி தேவைப்படுபவர்களோ பின்வரிசையில் இருக்கிறார்கள்.

ராயின் இன்னொரு படம் இதைத் தெளிவாக்கும். 1976-இல் அவர் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியைப் படமாக்கியபோது பாலாவுக்கு 58 வயது. ‘பாலா’ 33 நிமிடமே ஓடுகிறது. அதில் குறைகளும் இல்லாமலில்லை. ‘கிருஷ்ணா நீ பேகனே’வைக் கடற்கரையில் ஆடவைத்தது பலருக்கும் உறுத்துகிறது. நெருங்கி அமர்ந்து பார்க்கவேண்டிய அபிநயத்தின் பின்னே அலை புரள்கிறது, காற்று சேலையை இழுக்கிறது. இருந்தும், புருவத்தின் ஓர் அசைவில் தாய் கோபிக்கிறாளா கொஞ்சுகிறாளா என்று அவர் சொல்லிவிடும் விதத்தைப் பாலாவை நேரில் காணாத தலைமுறைகள் எங்கே போய்ப் பார்க்கும்? எந்த நூலை எடுத்துக் கொடுத்தாலும் அந்தப் புருவம் அதில் கிடைக்காது. 1972-இல் ராய் எடுத்த ‘தி இன்னர் ஐ’ படமும் இப்படித்தான். பார்வையிழந்த ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி கையால் தடவிப் பார்த்து வேலை செய்வதைக் காணும்போது, விமரிசகர் பக்கம் பக்கமாக விளக்கவேண்டியதை விரல்களே விளக்கிவிடுகின்றன. இத்தகைய படங்களைத் திரையிடும் நூலகம் தன் அலமாரியில் உள்ள ஓர் ஓட்டையை அடைக்கிறது. விழாவின் பெருமை என்று எதையாவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்.

எழுத்தாளர் படத்தின் இலக்கணம் நமக்கு மனப்பாடம். சாய்வு நாற்காலி, புத்தக அலமாரி, பிறந்த ஊரின் தெரு, பின்னணியில் புல்லாங்குழல், ‘அவரைப் போல் இனி ஒருவர்’ என்று தொடங்கும் நண்பர்கள். எழுதுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு வேறொன்றை எழுதியதற்கான காரணம் முகத்தில் தெரிவதில்லை. அதனால் கேமரா எழுத்தைச் சுற்றியுள்ள சாமான்களைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறது. படத்துக்குப் பணம் தருவது அரசோ அகாதெமியோ குடும்பமோ என்றால் மரியாதையும் சேர்ந்துகொள்ளும். அந்த எழுத்தாளரின் தோல்வியடைந்த நாவலைப் பற்றி ஒரு சொல் வராது. விழாவுக்குப் படம் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் படத்தைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்க்கிறார்கள். பெயர் பெரியதென்றால் படம் எப்படியிருந்தாலும் இடமுண்டு. இது திரையிடல் என்ற பெயரில் நடக்கும் நினைவஞ்சலிக் கூட்டம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாரதியின் குரல் எங்கும் பதிவாகவில்லை. நமக்கு எஞ்சியவை ஐந்து புகைப்படங்களே. தன் பாட்டை அவர் எந்த வேகத்தில், எங்கே இறக்கி, எங்கே ஏற்றிப் பாடினார் என்று காட்டும் இரண்டு நிமிடப் படம் கிடைத்தால் அதை முன்னுரை என்று ஒதுக்குவோமா? மாட்டோம். ஜெயகாந்தனின் பேச்சு, கவிஞர்களின் வாசிப்பு, சுந்தர ராமசாமி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் எடுத்துக்கொள்ளும் இடைவெளி ஆகியவை பாதுகாக்கத் தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏக்கம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். நமக்கு வேண்டியது வெட்டாத குரல். விழாவில் கிடைப்பதோ நாற்பது நிமிடத்துக்கு நறுக்கி இசை பூசிய பதிப்பு. பல மணி நேர நேர்காணலில் பெரும்பகுதி படத்தொகுப்பு மேசையில் கழிந்துவிடுகிறது. ஓர் ஆய்வாளருக்கு அந்தக் கழிவுதான் பொக்கிஷம். நூலகம் இயக்குநரிடம் கேட்டு வாங்கிப் பட்டியலிட வேண்டியது அதைத்தான். திரையிட்டுக் கைதட்டுவதை எந்த மண்டபத்திலும் செய்யலாம்.

படம் பார்த்தவர் புத்தகத்தைத் தேடி வருவாரே என்பது இரண்டாவது மறுப்பு. வரலாம், ஆனால் அது தானாக நடப்பதில்லை. அசோகமித்திரன் பற்றிய படம் முடியும்போது அரங்க வாசலில் அவருடைய சிறுகதைத் தொகுதிகள் இரவல் பதிவேட்டோடு காத்திருந்தால் நடக்கும். அரங்கம் ஒரு மாடியிலும் இரவல் பிரிவு இன்னொரு மாடியிலும் இருந்து, படம் முடிவதற்குள் அந்தப் பிரிவைப் பூட்டிவிட்டால் நடக்காது. வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொன்ன நூலகவியல் மேதை ரங்கநாதன் பிறந்த மண்ணில் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. விழாவைச் சேகரிப்போடு இணைக்க முன்மாதிரியும் உண்டு. பாரிஸின் பொம்பிடு மையத்தில் இயங்கிய பொது நூலகம் 1978-இல் தொடங்கிய ‘சினெமா து ரெயெல்’ இன்றும் உலகின் முக்கியமான ஆவணப்பட விழாக்களில் ஒன்று. அதன் பின்னால் ஒரு சேகரிப்பு இருக்கிறது. அந்த நூலகம் ஆவணப்படங்களின் பொதுத்திரையிடல் உரிமையை வாங்கிப் பிரான்ஸின் மற்ற பொது நூலகங்களும் பயன்படுத்தும்படி பட்டியல் வைத்திருக்கிறது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை என்பார்கள். பந்தல், பொன்னாடை, நினைவுப்பரிசு ஆகியவற்றின் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு அதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்.

தேர்வில் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கிறது. ஆனந்த் பட்வர்தன் 14 ஆண்டுகள் உழைத்து 2011-இல் முடித்த ‘ஜெய் பீம் காம்ரேட்’, தலித் பாடகரும் கவிஞருமான விலாஸ் கோக்ரேயின் தற்கொலையிலிருந்து புறப்படுகிறது. 1997-இல் மும்பை ரமாபாய் நகரில் காவல்துறை சுட்டுப் பத்துப்பேர் மாண்டதைக் கண்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பாட்டு எங்கே பிறக்கிறது, யார் பாடுகிறார்கள், பாடியவருக்கு என்ன நேர்கிறது என்று கேட்கும் படம் அது. இதைவிடப் ‘பண்பாடு’ என்ற தலைப்புக்குப் பொருந்தும் படம் எது? ஆனாலும் அரசு நூலகத்தின் பட்டியலில் அது ‘அரசியல்’ என்று நகர்த்தப்பட்டுவிடும் என்பதே என் அச்சம். கலைஞர் சிரித்துக்கொண்டிருக்கும் வரைதான் பண்பாடு என்ற புரிதல் இருந்தால், விழா அழைப்பிதழின் அளவுக்கே சுருங்கிப்போகும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சட்டத்தின் இடைவெளி கிடக்கிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேரவேண்டும். எவரும் புரட்டாத கவிதைத் தொகுப்புக்குக்கூட அங்கே இடம் உறுதி. ஆவணப்படத்துக்கு அந்த உறுதி இல்லை. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் உலகைச் சுற்றி 50,000 அடிப் படச்சுருள் திரட்டி 1940-இல் வெளியிட்ட காந்தி ஆவணப்படத்தின் தமிழ் மூலம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975-இல் மறைந்தார். அவரைப் பற்றிய அம்ஷன் குமாரின் படம் தேசிய விருது பெற்றது 2015-ஆம் ஆண்டுக்கு. இடையில் போன நாற்பது ஆண்டுகளில் அவரைக் கேட்ட காதுகள் எத்தனை மறைந்திருக்கும்! தோல்பாவைக் கூத்தாடிகளைத் தேடிப் போன ஆர்.வி. ரமணியின் ‘நீ எங்கே’, திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைப் பற்றிய சசிகாந்த் அனந்தாச்சாரியின் படம் போன்றவற்றுக்கு நூலகப் பட்டியல் எண் கொடுத்து, கேட்பவர் உட்கார்ந்து பார்க்க ஒரு கணினியும் ஹெட்ஃபோனும் வைப்பது பெரிய வேலையல்ல. விழா நடக்கும் மூன்று நாளும் இத்தகைய படத்தின் பிரதி நூலகத்துக்குள்தான் இருக்கிறது. நான்காம் நாள் அது இயக்குநரின் பையோடு பேருந்து ஏறிவிடுகிறது.