விளம்பரமும் திரையும்: பிரித்தானியப் பாலியல் நகைச்சுவைப் படங்களின் ஈர்ப்பு

1970களில் பிரித்தானியாவில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பாலியல் நகைச்சுவைப் படங்களுக்கு இன்றும் தனியொரு இரசிகர் வட்டம் உண்டு. இவ்வீர்ப்பிற்குப் பாலியல் கிளர்ச்சியைவிட, விளம்பரம் தந்த வாக்குறுதிக்கும் திரையில் கிடைத்ததற்கும் இடையிலான முரணே முதன்மைக் காரணம் எனலாம்.

ஜார்ஜ் ஹாரிசன் மார்க்ஸ் இயக்கிய ‘கம் பிளே வித் மீ’ (1977) இதற்குத் தக்க சான்றாகும். மேரி மில்லிங்டனை முன்னிறுத்தி விளம்பரம் செய்யப்பட்ட இப்படத்தில் அவர் ஏற்றது சிறு வேடமே. கள்ளநோட்டு அடிப்போர் இருவர் உடல்நல விடுதியொன்றில் ஒளிந்துகொள்வதே கதை. ஆல்ஃபி பாஸ், ஐரீன் ஹேண்டல் முதலிய மூத்த நடிகர்கள் பழைய மேடைக் கேலிக்கூத்தையே நிகழ்த்துகின்றனர். ஆயினும் இலண்டன் சோகோவின் திரையரங்கொன்றில் இது 1981 வரை ஓடியது.

தீவிரமாக முயன்று தோற்பதே தூய ‘கேம்ப்’ என்பது சூசன் சான்டாக் 1964இல் முன்வைத்த கருத்து. இப்படங்களோ சிரிக்கவைக்க முயன்று தோற்றவை. இன்றைய இரசிகர் அத்தோல்வியைக் கண்டே சிரிக்கின்றார். நடிகர்களின் தடுமாற்றத்தை அச்சிரிப்பு பரிவுடன் மன்னிக்கிறது. ஆனால் படத்தை விற்றது மில்லிங்டனின் உடல். 1979இல், 33 வயதில், அவர் இறந்தார். அவரை மறந்த இரசனை, அவ்விளம்பரத்தின் வணிகத்தையே தொடர்கிறது.